நிலவறையில் ஒரு குழாய்

கனடாவில் நாங்கள் வாங்கிய வீட்டின் நிலவறையில் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்த ரேடான் அளவி ஒரு கன மீட்டருக்கு 410 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று காட்டியது. அரசு வகுத்துள்ள வரம்போ 200 தான். மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து உருவாகும் ரேடான் என்ற இந்தக் கதிரியக்க வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சுவர் விரிசல்களை அடைத்தாலே போதும் என்று நம்பி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

பிறகு வந்த பணியாளர் கான்கிரீட் தளத்தில் துளையிட்டு, அடியிலிருந்த சரளைக் கற்களை இரண்டு வாளி நிறையக் கையாலேயே அள்ளியெடுத்து, அந்தக் குழிக்குள் பிவிசி குழாயை இறக்கி, சுற்றியிருந்த இடைவெளியைப் பூசி அடைத்தார். குழாயில் பொருத்திய விசிறி இரவும் பகலும் ஓடி, தளத்தின் அடியிலுள்ள காற்றை வீட்டுக்குள் நுழையுமுன்பே வெளியேற்றுகிறது. குழாயோடு ஒட்டிய யு வடிவக் குழலில் சிவப்புத் திரவம் ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் நின்றால் விசிறி இழுக்கிறது என்று பொருள். காலையில் காபி குடிக்குமுன் அதைத்தான் பார்க்கிறேன். மறுசோதனையில் அளவு 60 ஆகக் குறைந்திருந்தது.