படிவம் 7-க்காக நான்கு மாதம் அலைந்தோம்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை தல்லாகுளத்தில் எங்கள் சங்கத்தின் பொதுக்குழு கூடி என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. என் கையெழுத்துப் போட்ட முதல் செக்கை வங்கி ஏற்றுக்கொண்டது அக்டோபர் 9-ஆம் தேதி. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துக் கல்லூரிகளில் உதவித்தொகைப் பிரிவைப் பார்ப்பவர்கள் நடத்தும் சின்னச் சங்கம் எங்களுடையது. ஜூலையில் விண்ணப்ப முகாம், அடுத்து கல்விக்கடன் கூட்டம். இரண்டும் நன்றாகவே நடந்தன. மூன்றாவது வேலைதான் முக்கியம். அரசு உதவித்தொகை வந்து சேராத பிள்ளைகளுக்குப் பருவத் தேர்வுக் கட்டணத்தை எங்கள் நிதியிலிருந்து கட்டுவோம். அதற்குச் செக் வேண்டும்.

தீர்மான நகலோடு வங்கிக்குப் போனேன். சங்கங்களின் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலான, நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்கும் படிவம் 7-இன் சான்றிட்ட நகல் இல்லாமல் கையெழுத்தை மாற்ற முடியாது என்றார்கள். அது நியாயம்தான். நிர்வாகிகள் மாறினால் மூன்று மாதத்துக்குள் அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. நாளிருக்கிறதே என்று நம்பிப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த எழுத்தர் எங்கள் கோப்பைப் புரட்டினார். "உங்க ஃபைல்ல 2018 கமிட்டிதாம்மா இருக்கு. நடுவுல யாரு இருந்தா?"

2021-இல் கொரோனா சமயம் என்பதால் தேர்தலை கூகுள் மீட்டில் நடத்தினோம். அதை யாருமே தாக்கல் செய்யவில்லை. நிர்வாகக் குழுவின் காலம் சட்டப்படி மூன்று வருஷம்தான். ஆக, எங்களிடம் பொறுப்பை ஒப்படைத்த குழுவே பதிவேட்டில் இல்லை.

முந்தைய செயலாளர் கோவையில் மகன் வீட்டில் இருந்தார். ஆரப்பாளையத்தில் ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். "தாக்கல் பண்ணியாச்சுன்னுதான் நெனச்சேம்மா" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைக் கொட்டித் தேடி, தீர்மானம் எழுதிய தாள்களை எடுத்துக் கொடுத்து, படிவத்திலும் கையெழுத்திட்டார்.

ஊர் திரும்பியதும் அதைக் கொண்டு போனால், "ரெண்டு வருஷக் கணக்கு வரலையே" என்றார் அதே எழுத்தர். அடுத்த தடவை, உறுப்பினர் பட்டியல் இல்லை என்றார். அதற்கடுத்த தடவை அதிகாரி வெளியூர். ஒவ்வொன்றுக்கும் அரைநாள் லீவு. அந்த ஆகஸ்டில்தான் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய்க்காக ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைக்கப் பையன்கள் என் மேஜை முன் வரிசையில் நிற்க, நான் பதிவாளர் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாளே எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் கொடுத்திருப்போம்.

வேறு பிரிவில் இருந்த ஓர் அம்மாதான் வழி காட்டினார். "வாய்ல கேக்காதீங்க. என்னென்ன குறையிருக்குன்னு எழுத்துல குடுங்கன்னு மனு போடுங்க, ரசீது வாங்குங்க." அப்படியே செய்தேன். நான்காம் நாள் ஐந்து குறைகளும் ஒரே தாளில் வந்தன. ஆடிட்டரிடம் ஓடினோம், தாமதக் கட்டணம் கட்டினோம், 2021-க்கு ஒன்று, 2024-க்கு ஒன்று என இரண்டு படிவங்களையும் சேர்த்தே கொடுத்தோம். இதே சிக்கலில் இருப்பவர்கள் முதல் நாளே அந்த மனுவைப் போடுங்கள். அதற்கு முன்னால், உங்கள் கோப்பில் கடைசியாக எந்தக் குழுவின் பெயர் இருக்கிறது என்று தேர்தலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கணக்கையும் பட்டியலையும் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் வருஷா வருஷம் கொடுத்திருந்தால் எங்களுக்குப் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

இதற்குள் தேர்வுக் கட்டணக் கெடு வந்துவிட்டது. உசிலம்பட்டியிலிருந்து வரும் மூன்றாம் வருஷப் பெண் ஒருத்தி தினமும் வந்து, ஒன்றும் கேட்காமல், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். எங்கள் பொருளாளர் தன் சம்பளத்திலிருந்து அவளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கட்டினார்.

அக்டோபர் 9 அன்று போட்ட முதல் செக் அவருக்குச் சேர வேண்டிய பணத்துக்குத்தான். அடுத்த ஆறும் பிள்ளைகளுக்கு. சான்றிட்ட நகலையும் கோப்பு எண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் உள் அட்டையில் ஒட்டி, "அடுத்த தேர்தல் ஜூன் 2027, மூன்று மாதத்துக்குள் படிவம் 7" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.