95 விழுக்காடு போதாமல் போன பாடம்

முதுநிலைப் படிப்பில் சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இணைவதை ஆராயும் பாலிமர் வேதியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தபோது, அது கரிம வேதியியலின் நீட்சியாகவே இருக்கும் என்று நம்பினேன். வினைவழிமுறைகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெருமளவு சரியாகவே இருந்தது. நான் இடறியது எண்களில்.

ஆய்வகத்தில் இரு ஆல்கஹால் முனைகள் கொண்ட ஒரு டையாலையும் இரு அமில முனைகள் கொண்ட ஒரு டைகார்பாக்சிலிக் அமிலத்தையும் சேர்த்துப் பாலியெஸ்டர் தயாரித்தேன். பல மணி நேரம் சூடாக்கியபின் எஞ்சிய அமிலத்தை அளந்து பார்த்தபோது, வினை 95 விழுக்காடு நிறைவடைந்திருந்தது. கரிமத் தொகுப்பில் மகிழத்தக்க எண் அது. ஆனால் குடுவையில் இருந்ததோ, இழையாக இழுக்கவே முடியாத, தேன்போல் வழியும் பாகு.

விடை, தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்திருந்த கரோத்தர்ஸ் சமன்பாட்டிலேயே இருந்தது. 1935இல் நைலானை உருவாக்கிய ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் அவர். வினையின் நிறைவை ஒன்றிலிருந்து கழித்து, அந்த மீதியால் ஒன்றை வகுத்தால், ஒரு சங்கிலியில் சராசரியாக எத்தனை அலகுகள் என்பது கிடைக்கும்: 95 விழுக்காட்டில் 20, 99 விழுக்காட்டில் 100, 99.5 விழுக்காட்டில் 200. வினைபுரியாமல் நிற்கும் முனைகள்தாம் சங்கிலிகளின் முடிவுகள் என்பதைத் தாளில் வரைந்து பார்த்த பிறகே, கடைசி ஒரு விழுக்காட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது எனக்கு விளங்கியது.

அதே கணக்கு எடைபோடுவதிலும் என் கவனத்தைத் திருப்பியது. டையால், அமிலம் இரண்டில் ஒன்று 5 விழுக்காடு மிகையாக இருந்தால், மற்றது முழுவதும் தீர்ந்துபோனாலும் சராசரி 41 அலகுகளைத் தாண்டாது. நைலான் 66 தயாரிப்பில் அமிலத்தையும் டையமீனையும் முதலில் உப்பாகப் படிகமாக்கிக்கொள்வது இருபுறமும் சமமாக அமைவதற்காகத்தான். எவ்வளவு நேர்த்தியான வழி! பாலியெஸ்டருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இரண்டாம் முறை, டையால் ஆவியாகித் தப்பாதபடி வெப்பத்தை மெல்ல உயர்த்தி, இறுதிக் கட்டத்தில் மட்டும் வெற்றிடத்தைச் செலுத்தி நீரை அகற்றினேன். கலக்கி திணறும் அளவுக்கு உருகல் தடித்தது. கண்ணாடிக் கோலைத் தொட்டெடுத்தபோது நீண்ட இழை வந்தது.

அடுத்த தடை சராசரி மூலக்கூறு எடை. ஒரு சேர்மத்துக்கு ஒரே மூலக்கூறு எடை என்று பழகிய மனத்துக்கு, ஒரே மாதிரிக்கு இரண்டு சராசரிகள் இருப்பது ஏற்கவே கடினமாக இருந்தது. 10,000 எடையுள்ள சங்கிலி ஒன்றும் 1,00,000 எடையுள்ள சங்கிலி ஒன்றும் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டேன்: சங்கிலிகளின் எண்ணிக்கைப்படி பார்க்கும் எண்சராசரி 55,000, ஒவ்வொரு சங்கிலியின் எடைக்கேற்ப மதிப்பளிக்கும் எடைச்சராசரி ஏறத்தாழ 92,000. நீண்ட சங்கிலிக்கு எடைச்சராசரி கூடுதல் மதிப்பளிக்கிறது என்பதை எந்த வரையறையையும்விட இந்தச் சிறு கணக்கே எனக்குத் தெளிவாக்கியது. என் பாலியெஸ்டர் போன்றவற்றில், வினை நிறைவை நெருங்க நெருங்க இவ்விரண்டின் விகிதம் 2ஐ நெருங்குகிறது. நான் இழுத்த அந்த இழைக்குள்ளும் குட்டைச் சங்கிலிகள் ஏராளமாகக் கலந்தே இருந்தன.