கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்

எட்டு மாதமாகியும் என் தம்பி மகனுக்குக் கழுத்து நிற்கவில்லை. இரண்டு கையும் எப்போதும் மூடியே இருக்கும், கட்டை விரல் மற்ற விரல்களுக்குள் மடங்கிக் கிடக்கும், குளிப்பாட்டும்போது ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் உள்ளங்கை அழுக்கைத் துடைப்பேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஆம்பளப் புள்ளைக்கு எல்லாம் லேட்டாத்தான் வரும், விடுக்கா." அதைக் கேட்டுக் கேட்டே ஒன்றரை வருஷம் போய்விட்டது.

அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தோம். பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை, உடம்பின் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதம் என்றார்கள். டிஸ்சார்ஜ் தாளில் இருந்ததோ ஒரே வரி, 'பிறந்தவுடன் அழவில்லை'. இப்படி ஆக்சிஜன் போதாமல் பிறக்கும் குழந்தையின் உடம்பை 6 மணி நேரத்துக்குள் குளிர்விக்க ஆரம்பித்து, 33, 34 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை இருக்கிறதாம். அன்று எங்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

பெருமூளை வாதம் என்றாலே டாக்டர் தப்பு என்று நான் சொல்லவில்லை, பாதிக்கு மேல் பிரசவத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள்தான். தப்பா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் கேஸ் ஷீட் வேண்டும், அதாவது ஆஸ்பத்திரியில் எழுதி வைத்த சிகிச்சைப் பதிவு. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதி சொல்கிறது. வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" தான், அதனால் கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள்.

காசு கட்டிப் பார்த்த ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பிலிருந்து இது உண்டு. குழந்தைக்கு மட்டுமில்லை, பெற்றவர்களின் வேதனைக்கும் தனியாக நஷ்டஈடு உண்டு என்று 1998ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெடு 2 வருஷம். தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும், ஏற்பதும் ஏற்காததும் ஆணையத்தின் இஷ்டம். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி இதில் வராது, அதற்கு சிவில் கோர்ட் அல்லது ஹைகோர்ட். போலீஸுக்கு ஓடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், படுமோசமான அலட்சியம் என்று நிரூபித்தால்தான் கிரிமினல் வழக்கு நிற்கும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் ஹைகோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள்.

வழக்கு இருக்கட்டும், முதலில் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருஷத்துக்கு 1 லட்சம் வரை கிடைக்கும், பிசியோதெரபிக்கு ஓடுகிற ஓட்டத்துக்கு அது பெரிய காசு.

எங்களுக்குக் கெடு முடிய மூன்று மாதம்தான் பாக்கி. போன வாரம் கேஸ் ஷீட் கையில் கிடைத்தது. குழந்தையின் இதயத்துடிப்பை எழுதும் கட்டங்களில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் ஒன்றுமே எழுதவில்லை. வக்கீலம்மா அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். தம்பி பொண்டாட்டி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு, "அப்பதான் நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன்" என்றாள்.