வன்னியில் மந்திரவாதிக்குச் சான்றிதழ் கொடுப்பது எப்படி

கிளிநொச்சிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு மந்திரவாதிகளின் தரவரிசையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் அக்காவின் பிள்ளைகளால் வந்தது. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, கதை பேசியே விளையாடும் மேசை விளையாட்டு ஒன்றை இணையத்தில் பார்த்திருக்கிறார்கள். பனிமலையும் கோட்டையும் வேண்டாமாம். குளம், காடு, யானை உள்ள உலகம் வேண்டுமாம். கதையை நடத்துகிற பொறுப்பு என் தலையில். உலகம் சுலபமாக வந்துவிட்டது. மந்திரம் தெரிந்தவர்களை எப்படித் தரம் பிரிப்பது, சான்றிதழை யார் கொடுப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் இழுபட்டோம். இப்படி ஓர் உலகம் கட்ட நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இருக்கிறதைப் பார்த்தோம். இந்த வகை விளையாட்டுகளுக்கு மூத்தது 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதில் மந்திரக்காரருக்குப் படிக்கொரு பட்டம் உண்டு. முதற்படியில் மீடியம், ஒன்பதாம் படியில் சோர்சரர், பதினோராம் படியில் விசார்ட். இரண்டாம் படிக்கு ஏற 2,500 அனுபவப் புள்ளி வேண்டும். வாள்வீரனுக்கு 2,000 போதும். விசார்ட் ஆவதற்கு 300,000. இந்தப் புள்ளியில் பெரும்பங்கு புதையலில் இருந்து வருகிறது, ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. இதைக் கேட்டதும் மூத்த மருமகன், "அப்ப நகைக்கடை முதலாளிதான் பெரிய மந்திரவாதி" என்றான்.

1979இல் வந்த அடுத்த பதிப்பின் நடத்துநர் கைநூலில் புள்ளி மட்டும் போதாது. பயிற்சியும் எடுக்க வேண்டும், அதற்கு வாரக் கட்டணம் உண்டு: படியின் எண்ணை 1,500 பொன்னால் பெருக்க வேண்டும். ரியூசன் காசுதான், வேறென்ன. டுரூயிட் என்கிற காட்டுப் பூசாரிகளுக்கு வேறு கணக்கு. பன்னிரண்டாம் படியில் ஒன்பது பேர்தான் இருக்கலாம், அதற்கு மேல் மூன்று பேர், உச்சியில் ஒருவர். இடம் காலியில்லை என்றால் இருக்கிறவரோடு மோதி வென்றுதான் ஏற வேண்டும். பெடியளுக்கு இது நல்லாகப் பிடித்தது. அக்கா மட்டும், "ஊரில இருக்கிற கதிரைச் சண்டை காணாதே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு இவை எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒருவர் எவ்வளவு பலசாலி என்பதை அவை அளக்கின்றன. அவரை நம்பி ஒரு வேலையைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை முகம் கொடுத்திருக்கிறேன். வெல்டிங் வேலையை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, ஒரு பட்டறையில் நின்று பழகினேன். பிறகு கையில் ஒரு கடதாசி வேண்டும் என்று, தொழிலை முன்பே தெரிந்தவர்களுக்கு என்று இருக்கிற வழியால் என்விகியூ என்கிற தேசியத் தொழில் தகைமை எடுத்தேன். நம் நாட்டில் அது ஏழு நிலை. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். செய்த வேலைகளின் படங்கள், வேலை தந்தவர்களின் கடிதங்கள் எல்லாம் சேர்த்து ஒரு கோப்புக் கொடுத்தேன். பிறகு மதிப்பீட்டாளர்கள் பக்கத்தில் நிற்க, இரும்பை ஒட்டிக் காட்டினேன். புள்ளி, முதலாமிடம் ஒன்றும் கிடையாது. தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சியில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளில் பாதி பாதுகாப்பைப் பற்றியது. வீட்டுக் கேற்றில் ஒட்டு விட்டால் கேற்று விழும். உழவு இயந்திரத்தின் பெட்டியில் விட்டால் ஆள் சாவான்.

எங்கள் தரவரிசை அங்கிருந்துதான் முளைத்தது. மந்திரம் பிழைத்தால் யாருக்குச் சேதம்? அதை வைத்தே படி.

முதற்படி எடுபிடி. விளக்கேற்றலாம், நூல் கட்டலாம், நாவூறு கழிக்கலாம். பிழைத்தால் அவருடைய விரல்தான் சுடும். ஒரு மூத்தவரின் வாய்ச்சொல்லே சான்று. இரண்டாவது பட்டிக்காரர், மாட்டுக்கும் பயிருக்கும் ஓதுகிறவர். பிழைத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு போகம் போகும். ஆகவே ஒரு காலபோகம் முழுக்க இன்னொருவரின் வயலில் நின்று காட்ட வேண்டும்.

மூன்றாவது பரியாரி. மனித உடலில் கை வைக்கிற படி. நிஜத்தில்கூட இதற்குச் சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டத்தின் கீழ்தான் வைத்தியர்களைப் பதிவு செய்கிறார்கள், சித்த வைத்தியமும் அதற்குள் வரும். எங்கள் உலகத்தில் பாம்புக்கடி எப்படி என்று பேச்சு வந்தபோது, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அக்கா கரண்டியோடு குசினியில் இருந்து வந்துவிட்டார். கட்டுவிரியன் இரவில், பாயில் படுத்திருக்கிறவரைக் கடிக்கும். வலி பெரிதாக இராது, காயமும் தெரியாது, விடிவதற்குள் கண் இமை தொங்கி மூச்சு அடங்கும், விஷமுறிவு மருந்தும் மூச்சுக்கு உதவியும் ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். "ஓதுறதெண்டால் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஓதட்டும், தம்பி." அதை அப்படியே விதியாக்கினோம். கடிபட்டவரை வீட்டில் மறித்து வைத்து ஓதுகிற பரியாரியின் சான்றிதழ் அன்றே செல்லாது. விளையாட்டில் இதுவரை இரண்டு பாத்திரங்கள் இதில் பட்டம் இழந்திருக்கின்றன.

நான்காவது குளக்காவல். குளத்து நீரை ஏற்றவும் இறக்கவும் தெரிந்தவர். இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை வீட்டில் எல்லாரும் பார்த்தவர்கள். கமக்காரர் கூட்டம் கூடி, நாள் குறித்து, வாய்க்காலின் கடைசிக் காணிக்காரரும் சம்மதித்தால்தான் இந்தப் படிக்குச் சோதனையே நடக்கும்.

ஐந்தாவது எல்லைக்காவல், யானையையும் காட்டையும் கையாளுகிறவர். எங்கள் ஊரில் இருந்து துரத்திய யானை அடுத்த ஊருக்குத்தான் போகும். இந்த மந்திரம் பலித்தாலும் சேதம்தான், அதுவும் கூட்டத்தில் இல்லாத ஆட்களுக்கு. அதனால் இந்தச் சான்றிதழில் அயலூரின் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் கடதாசி. பெடியள் உச்சப் படியில் இடிமின்னலை எதிர்பார்த்தவர்கள். கொஞ்சம் முகம் தொங்கியது, சரி, பழகிவிட்டார்கள்.

நாங்கள் ஆக நீளமாக இழுபட்டது கடதாசி இல்லாதவர்களிடம். சின்ன மருமகள் எடுத்த பாத்திரம் ஒரு கிழவி. மூன்றாம் படி வேலை எல்லாம் தெரியும், ஆனால் கற்பித்தவர் சண்டையில் காணாமல் போய்விட்டார், ஏடும் எரிந்துவிட்டது. விதிப்படி குருவின் கையெழுத்து வேண்டும் என்று அண்ணன்காரன் நின்றான். "அப்ப காணாமப் போனவரத் தேடிப்பிடிச்சுக் கையெழுத்து வாங்கிறதோ, மாமா?" என்று அவள் கேட்டாள். 2009இல் முள்ளிவாய்க்காலால் வெளியே வந்தபோது எங்களில் பலரிடம் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் நடமாடும் சேவைகளின் வரிசையில் நின்ற சனம் நாங்கள். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று கொடுப்பார்கள். அதைப் பார்த்து, எங்கள் உலகத்தில் உத்தேச வித்தைச் சான்றிதழ் ஒன்றை உண்டாக்கினோம். குருவுக்குப் பதிலாக, விண்ணப்பக்காரர் கையால் குணமானவர்கள் வந்து சொல்ல வேண்டும். பிறகு செய்து காட்ட வேண்டும்.

கள்ளச் சாட்சி வராதா என்றான் அண்ணன்காரன். நல்ல கேள்வி. சாட்சி சொந்த ஊராக இருக்கலாம், சோதிக்கிறவர் வேறொரு குளத்து ஆளாக இருக்க வேண்டும், சோதனைக்கு முன் விண்ணப்பக்காரர் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது என்று எழுதினோம்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே வெளியே வைத்தோம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். கடைசிப் பிள்ளை அதை ஆறாம் படியாக்கக் கேட்டான். அது சனம் கும்பிடுகிற விஷயம், பகடை உருட்டிப் பார்க்கிற விஷயம் இல்லை என்று நான் மறுத்துவிட்டேன். கோவிலும் சாமியும் எங்கள் தரவரிசைக்குள் வராது.

கிழவிக்கு மூன்றாம் படி கிடைத்தது. நான்காம் படிச் சோதனையில் பகடை கைவிட்டது. கடைசிக் காணிக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை, "இன்னும் தேர்ச்சியில்லை" என்று எழுதினேன். சிறுபோகம் முடிய மறுபடி வரலாம். அதற்குக் கட்டணம் வைக்க வேண்டும் என்று அண்ணன்காரனும், ஒரு சதமும் தரமாட்டேன் என்று தங்கச்சியும் இப்போது சண்டை. வேலை தெரிந்து கடதாசி இல்லாதவரிடம் இரண்டாம் தரமும் காசு கேட்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அடுத்த ஊரில் இருந்து சோதிக்க வருகிறவரின் பஸ் காசை யார் கொடுப்பது என்று அவன் கேட்கிறான். அதற்கு இன்னும் விதி எழுதவில்லை.