டிரைவ் இன் நிழல்

2025 ஜூலை 6, ஞாயிறு

பரணை ஒழித்தபோது தகரப் பெட்டிக்குள் 1987-ஆம் ஆண்டு டைரி கிடைத்தது. மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தபோது எழுதியது. அட்டை உரிந்துவிட்டது, மை அப்படியே இருக்கிறது. பார்த்த டாக்டர்கள், கொடுத்த சாம்பிள்கள், ஏறிய பஸ்கள். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஒரே குறிப்பு: "4 மணி, டிரைவ் இன்."

சென்னை கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ் இன்தான், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடக்கூடிய ஹோட்டல். 1962-இல் திறந்தார்கள், 2008-இல் மூடினார்கள். அது மூடிய ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருக்கிறார்கள். நினைவு வருகிற வரிசையில் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் அப்பா கார் ஓட்டினார். கறுப்பு அம்பாசடர். வக்கீல் ஐயா குடும்பத்தோடு எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அப்பா வெளியே காரைத் துடைத்துக்கொண்டு நிற்பார். சில நாள் அவருக்கு ஒரு பொட்டலம் வரும், சில நாள் வராது. அன்றைக்கு அதுதான் உலக வழக்கம், யாரையும் குறை சொல்ல மாட்டேன். டிரைவ் இன்னில் மட்டும் அந்த வழக்கம் செல்லாது. காரை விட்டு யாருமே இறங்க வேண்டாம் என்றால் டிரைவரை மட்டும் எப்படி வெளியே நிறுத்துவது?

1973 கோடை விடுமுறையில் ஒருநாள் வக்கீல் அம்மா, "பையனையும் கூட்டி வா" என்று சொல்லிவிட்டார். முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. சர்வர் வந்து கண்ணாடியைப் பாதி இறக்கச் சொன்னார். தட்டைக் கதவின் விளிம்பில் பொருத்தி, லேசாக அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை என்று தெரிந்த பிறகே மசால் தோசையை வைத்தார். பின் சீட்டுக்கு ஒரு தட்டு, முன் சீட்டுக்கு ஒன்று. இரண்டிலும் அதே தோசை, அதே சட்னி, அதே நுரைத்த காபி டபராவில்.

அப்பா உடனே கை வைக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வக்கீல் ஐயா, "ஆறிவிடப் போகிறது, சாப்பிடப்பா" என்றார். ஸ்டியரிங்கில் முழங்கை படாமல் உடம்பைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு அப்பா சாப்பிட்டார். தோசையின் ஓரத்து மொறுமொறுப்பை ஒடித்து என் கையில் கொடுத்தார். மேலேயிருந்து ஒரு சருகு காபிக்குள் விழுந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை: "இன்றைக்கு அவர்கள் சாப்பிட்ட நேரத்தில் நானும் சாப்பிட்டேன்."

ஜூலை 9, புதன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படிக்க முடியவில்லை. அப்பா 1994-இல் போனார்.

ஜூலை 12, சனி

பாளையங்கோட்டையில் இருக்கும் பழைய சக பிரதிநிதியை போனில் பிடித்தேன். "அண்ணாச்சி, அந்தக் கீரை வடையை மறக்க முடியுமா?" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு படூரா, பிறகு ரவா தோசை. முக்கால் மணி நேரம் பேசினோம்.

எங்களுக்குக் கார் ஏது? நாங்கள் செல்ஃப் சர்வீஸ் பக்கத்து ஆட்கள். காலை முழுக்க ஆஸ்பத்திரி வாசல், மாலை ஆறுக்குப் பிறகு கிளினிக்குகள். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குப் போக இடம் கிடையாது. கம்பெனி அலுவலகம் பம்பாயில். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பஸ் காசுக்குக் கட்டாது. தோல் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு டிரைவ் இன்னில் உட்கார்ந்து தினசரி ரிப்போர்ட் எழுதுவோம். எந்த டாக்டர் எரிந்து விழுந்தார், எந்த ஏரியாவில் எந்தக் கடையில் சரக்கு தேங்குகிறது என்ற செய்தியெல்லாம் அங்கேதான் கை மாறும். பக்கத்து மேசையில் சினிமாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள், அடுத்த மேசையில் கல்லூரி மாணவர்கள். ஒரு காபிக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். "வேறு என்ன வேண்டும்?" என்று மேசையைத் துடைக்கிற சாக்கில் எங்களை எழுப்ப வந்தவர் ஒருவர்கூட இல்லை.

நல்ல காபி இன்றும் ஊரெங்கும் கிடைக்கிறது, அதற்கென்ன ஏக்கம் என்று மகன் கேட்கிறான். காபிக்காக அல்லடா.

ஜூலை 15, செவ்வாய்

டிரைவ் இன்னைத் தொடங்கிய கிருஷ்ண ராவ், உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து ஹோட்டல் சமையலறையில் எடுபிடி வேலை பார்த்து மேலே வந்தவர். 1938-இல் இராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தார். இராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் இன்றும் நடக்கிறது. அடுப்படியில் நின்று பழகியவர் என்பதால்தான் அவர் கட்டிய இடத்தில் சாமானியனுக்கும் உட்கார இடம் இருந்தது என்று நம்புகிறேன். எனக்கு வேறு சான்று தேவையில்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலைத் தாசப்பிரகாஷ் ஹோட்டலும் போய்விட்டது. முதல் சம்பளத்தில் அம்மாவை அங்கே கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். பல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

பேத்தியைக் கூட்டிக்கொண்டு செம்மொழிப் பூங்காவுக்குப் போனேன். டிரைவ் இன் இருந்த நிலம் இதுதான். நிலம் அரசுடையது. வழக்கு நடந்து அரசின் கைக்கு வந்ததும் பூங்கா அமைத்தார்கள், 2010 நவம்பரில் திறந்தார்கள். அடுக்குமாடி எழும்பாமல் மரங்கள் நின்றதே, அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். எதிரே கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் கடந்த ஆண்டு வந்துவிட்டது.

அம்பாசடர் நின்ற மரத்தைத் தேடினேன். மூன்று மரங்கள் அதுவோ என்று தோன்றின. பாதைகள் மாறிவிட்டதால் திசை பிடிபடவில்லை. பேத்தி பொறுமையாக ஒவ்வொரு மரத்தையும் தொட்டு, "இதா தாத்தா?" என்று கேட்டாள். மூன்றாவது மரத்தடியில் உட்கார்ந்தோம். கார் கதவில் தட்டு எப்படி நிற்கும் என்று கேட்டாள். என் இடது கையை மடக்கிக் கதவாக்கி, அவளுடைய நோட்டுப் புத்தகத்தை அதன்மேல் வைத்துக் காட்டினேன். லேசாக அழுத்திப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாசலுக்குச் சற்றுத் தள்ளிச் சாலையோரம் நாலைந்து கார்கள். குடும்பங்கள் பூங்காவுக்குள் இருந்தன, டிரைவர்கள் காருக்குள் காத்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, மடியில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.