கரூர் தொகுதியில பி.ஓ. டியூட்டி பார்த்த கதை

2024 ஏப்ரல் 19, பார்லிமென்ட் எலெக்ஷன். முன்னாடி ரெண்டு தடவை மை வைக்கிற வேலை தான் பார்த்திருந்தேன், விரல நீட்டுங்கன்னு சொல்றதோட முடிஞ்சிடும். இந்த தடவை நேரா பி.ஓ., ப்ரிசைடிங் ஆபீசர்னு ஆர்டர் வந்துச்சு, அதாவது பூத்துக்கே நான் தான் பொறுப்பு. அதுலயும் கரூர் தொகுதி, 54 வேட்பாளர். ஓட்டு பட்டன் இருக்கற பெட்டி தான் பேலட் யூனிட், ஒண்ணுல 16 பட்டன் தான், நோட்டாவையும் சேத்தா நாலு யூனிட்ட வரிசையா மாட்டணும். ட்ரெயினிங்ல பார்த்தப்போ ஈஸியா தான் தெரிஞ்சுது, ராத்திரி பூத்ல உக்காந்து கேபிள பிரிச்சு பார்த்தா எது எதுல போகணும்னே புரியல, பி1 சார், அதாவது எனக்கு கீழ இருந்த முதல் போலிங் ஆபீசர் தான் மாட்டி குடுத்தார்.

காலைல அஞ்சரைக்கு மாக் போல், அதாவது ஏஜென்ட்டுங்க முன்னாடி மெஷின சோதிச்சு பார்க்கற ஒத்திகை ஓட்டு. குறைஞ்சது 50 ஓட்டுன்னு ரூல், ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணாவது போடணுமே, 54 பேர் ப்ளஸ் நோட்டா, ஆக 55. ஒவ்வொரு ஓட்டுக்கும் யாருக்கு விழுந்துச்சுன்னு அச்சடிச்சு காட்டற விவிபேட் மெஷின்ல சீட்டு 7 செகண்டு நின்னு காட்டிட்டு விழும், அதுவரைக்கும் எல்லாரும் அந்த கண்ணாடியவே பார்த்துட்டு நிக்கணும். அப்புறம் சீட்டெல்லாம் எடுத்து எண்ணி, மெஷின் ரிசல்ட்டோட ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு சீட்டு பின்னாடியும் மாக் போல்னு ஸ்டாம்ப் அடிச்சு கருப்பு கவர்ல போட்டு சீல் வைக்கணும். மணி ஆறே முக்கால் ஆயிடுச்சு, வெளிய க்யூ நிக்குது, நான் பதட்டத்துல ஓட்டு பதிவாகற கன்ட்ரோல் யூனிட்டுக்கு சீல் வைக்க பேப்பர கைல எடுத்துட்டேன்.

"டீச்சர், கிளியர் அமுக்கிட்டீங்களா?"ன்னாரு வேட்பாளர் சார்பா உக்காந்திருந்த ஒரு ஏஜென்ட்.

அமுக்கல! அத விட்டிருந்தா மாக் ஓட்டு உள்ளயே கெடந்து மொத்த கணக்கும் கோவிந்தா. கிளியர் பண்ணி, டோட்டல் ஜீரோன்னு எல்லா ஏஜென்ட்டுக்கும் காட்டின பிறகு தான் மூச்சு வந்துச்சு. ஏஜென்ட்னாலே வம்பு பண்ண வர்றவங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன், ஒருத்தர ஒருத்தர் நம்பாம உக்காந்திருக்கறதால தான் அந்த ரூம்ல எதுவும் தப்பு நடக்காம இருக்குன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது.

பதினொரு மணிக்கு இன்னொரு கூத்து. ஓட்டு போட வர்றவங்க கையெழுத்து போடற 17ஏ ரிஜிஸ்டர்ல இருக்கறத விட மெஷின்ல ஒரு ஓட்டு கம்மி. ரெண்டு தடவை எண்ணியாச்சு, அப்பவும் கம்மி. கையெழுத்து போட்டதும் ஓட்டருக்கு ஒரு சீட்டு குடுப்போம், அத வாங்கிட்டு தான் மூணாவது போலிங் ஆபீசர் பி3 மேடம் ஓட்டு போட விடுவாங்க, அவங்க வெச்சிருந்த சீட்டுலயும் ஒண்ணு இல்ல. பார்த்தா ஒரு பாட்டி வேப்பமரத்தடில உக்காந்திருக்கு, சீட்டு முந்தானைல முடிஞ்சிருக்கு. "மை வெச்சாச்சில்ல கண்ணு, அதோட சரின்னு நெனச்சேன்"னுச்சு. கூட்டிட்டு வந்து ஓட்டு போட வெச்சோம், கணக்கு நேராச்சு.

சாயங்காலம் ஆறு மணிக்கு க்யூல இருபது பேர் கிட்ட நின்னாங்க. டோக்கன கடைசி ஆள்ல இருந்து ஆரம்பிச்சு முன்னாடி வரைக்கும் குடுக்கணும், முன்னாடி இருந்து குடுத்தா பின்னாடி புதுசா ஆள் சேந்துட்டே இருக்கும். இது மட்டும் ட்ரெயினிங்ல சொன்னது நல்லா ஞாபகம் இருந்துச்சு.

க்ளோஸ் பட்டன அமுக்கி, பதிவான ஓட்டு கணக்கு ஃபார்ம் 17சி எழுதி, ஏஜென்ட்டுங்களுக்கு காப்பி குடுத்தேன். காலைல கேட்டாரே அவரு, நம்பர ஒண்ணுக்கு ரெண்டு தடவை படிச்சு பார்த்துட்டு மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு. மெஷின எடுத்துட்டு போற ஜோனல் வண்டி வந்தப்போ ராத்திரி மணி பத்தரை.