ஷெட்டுக்குள் ஒரு பெயிண்ட் பூத்: நாட்குறிப்பு

ஜனவரி 4
ஷெட்டில் கிடந்த சாமான்களை வெளியே எடுத்துப் போட்டு, கூரையிலிருந்து தரை வரை தூசி தட்டிக் கழுவிவிட்டேன். இங்கே ஒரு பெயிண்ட் பூத், அதாவது தூசி படாமல் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க ஒரு சின்ன அடைப்பு, கட்டப் போகிறேன். அடிக்க வேண்டியது பைக் டேங்க், இரண்டு பக்க மூடிகள், காரின் முன் மட்கார்டு. முழுக் காரை உள்ளே நிறுத்தும் எண்ணம் இல்லை.

சட்டத்துக்கான குழாயைத் தொடுவதற்கு முன் காற்று போகும் பாதையைத் தாளில் வரைந்துகொண்டேன். ஒரு பக்கம் மேலே நுழைவு, எதிர்ப்பக்கம் கீழே வெளியேற்றம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து நிற்கும். அது வெளியேறும் வழி தாழ்வாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 5
குறுக்காகக் காற்று ஓடும் பூத்தில் நிமிடத்துக்கு 100 அடி வேகம் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. 8 அடி அகலம், 7 அடி உயரம் வைத்தால் 56 சதுர அடி; நிமிடத்துக்கு 5,600 கன அடி காற்று வேண்டும். வீட்டு ஃபேன்களால் ஆகிற காரியமா அது? பெரிய ஃபேனைத் தேடி அலைவதைவிட பூத்தைச் சுருக்குவதே மேல் என்று முடிவு செய்தேன். 5 அடிக்கு 6 அடி, அதாவது 30 சதுர அடி. 3,000 போதும். ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் எண் ஃபில்டர் இல்லாமல் அளந்தது. ஃபில்டர் வைத்ததும் கணிசமாகக் குறையும். அதனால் இரண்டு ஃபேன்.

பிவிசி குழாய்ச் சட்டம் மாலைக்குள் நின்றுவிட்டது.

ஜனவரி 11
ஃபேனை வெளியேற்றும் பக்கம் வைத்து உள்ளிருந்து இழுக்க வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதில் எனக்குச் சம்மதமே இல்லை. பெயிண்ட் ஆவி முழுக்க மோட்டார் வழியாகப் போகும். ஒரு பொறி போதும். ஃபேன்களை ஜன்னலில் பொருத்தி, வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக உள்ளே தள்ள வைத்தேன். மோட்டாரில் படுவது சுத்தமான காற்று மட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. இழுக்கும்போது சட்டத்தைச் சுற்றி மூடிய ஷீட் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், இடுக்கு இடுக்காகத் தூசி நுழையும். தள்ளும்போது ஷீட் வெளியே புடைத்து நிற்கும், இடுக்கில் காற்று வெளியேதான் போகும். ஆனால் ஆவியும் அப்படியே கசியும். வீட்டுக்குள் திறக்கும் கதவை நாலு பக்கமும் டேப் ஒட்டி அடைத்துவிட்டேன்.

ஜனவரி 12
குச்சி நுனியில் தையல் நூலைக் கட்டி மூலை மூலையாகப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் நூல் நேராகப் பறந்தது. ஃபேன் பக்கத்து மேல் மூலையில் மட்டும் சுருண்டு திரும்பியது; காற்று அங்கே சுழல்கிறது. சாய்வாக ஓர் அட்டையை வைத்ததும் சரியாகிவிட்டது. வெளியேறும் பக்கம் கண்ணாடி நார் ஃபில்டர் வைத்தாயிற்று. அது பெயிண்ட் துகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அந்த வாய் யார் வீட்டு ஜன்னலையும் பார்க்காமல் திருப்பி வைத்தேன்.

ஜனவரி 18
விளக்குகள் ஷீட்டுக்கு வெளியே, இரண்டு பக்கமும். தலைக்கு மேல் மட்டும் விளக்கு இருந்தால் பக்கவாட்டில் பெயிண்ட் வழிவது கண்ணில் படாது. கம்ப்ரசரும் வெளியே போய்விட்டது. ஹோஸில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர்.

ஜனவரி 19
கலருக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமில்லாப் பூச்சான கிளியர் கோட் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் கிளியரின் பளபளப்புக்கு ஈடே கிடையாது. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் ஆஸ்துமாவாக நின்றுவிடும். பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். தனியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி கைக்கு வரும்வரை அதை இந்த பூத்தில் அடிக்கப் போவதில்லை. இப்போதைக்கு ஹார்டனர் இல்லாத பெயிண்ட்தான். அதற்கும் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ், முன்னால் துகள் ஃபில்டர் உள்ள முகமூடி கட்டாயம்.

ஜனவரி 25
தரையில் தண்ணீர் தெளித்து, டேங்கைத் துடைத்து, ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தேன். ஸ்ப்ரே துப்பாக்கி ஒரு சாண் தூரத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி. ஈர மினுமினுப்பு மெல்ல மங்கி ஒரே சீராக வரும்வரை பொறுத்திருந்து அடுத்த கோட். பெயிண்ட் புகை உள்ளே தங்கவே இல்லை. துப்பாக்கியை விட்டதும் கலைந்து கீழ் ஃபில்டரை நோக்கி ஓடியது. அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

ஃபேனை உடனே நிறுத்தவில்லை, ஆவி முழுக்கப் போகட்டும் என்று ஓட விட்டேன். டேங்கில் விளக்கைச் சாய்த்துப் பார்த்ததில் மூடிக்கு அருகே ஒரே ஒரு தூசி மணி. 600 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போய்விடும். வெளியேறும் ஃபில்டரின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. கலர் அடிக்கும் முன் மாற்ற வேண்டும்.